மூன்று நாள் யாரும் வர முடியாவிட்டால்: வீட்டு மருந்துப் பெட்டியில் எது, எவ்வளவு?

கேள்வி: எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், ஏரலுக்குப் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் ரோடு இல்லை, கரண்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. வீட்டில் ஆறு பேர். ஆச்சிக்கு 72 வயது, இன்சுலின் போடுகிறார். அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்பு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு 9 வயது, 4 வயது. இந்த மழைக்கு முன்னால் ஒரு அவசர மருந்துப் பெட்டி தயார் செய்ய வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் நான்கு, ஆன்டிபயாட்டிக், தையல் போடும் ஊசி நூல், பாம்புக்கடி ஊசி ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவர் இருக்கிறார், வாங்கிவிடலாம். வேறு என்ன சேர்க்க வேண்டும்?

பதில்: சேர்ப்பது இருக்கட்டும். முதலில் எழுதியிருக்கிற நான்கையும் அடித்துவிடுங்கள்.

500 மி.லி. குளுக்கோஸ் பாட்டிலில் (5 சதவீதம் என்று போட்டிருக்கும்) இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன். அதே அளவு சலைன் பாட்டிலில் இருப்பது நாலரை கிராம் உப்பு. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இதை நரம்பு வழியாக ஏற்றி எந்த லாபமும் இல்லை. பழக்கமில்லாத கை குத்தினால் ஊசி நரம்பை விட்டு விலகிக் கை வீங்கும், சீழ் வைக்கும். இதயம் பலவீனமானவருக்கு வேகமாக இறங்கினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

பாம்புக்கடி ஊசி ஒன்றை வாங்கி ஃப்ரிட்ஜில் வைப்பதும் வீண். விஷம் ஏறியவருக்கு ஆரம்பமே சுமார் 10 குப்பி, அதுவும் டிரிப்பில் கலந்துதான். ஏற்றிய சில நிமிடத்தில் சிலருக்கு மூச்சடைத்து பிரஷர் இறங்கும். அப்போது அட்ரினலினும் செயற்கை சுவாசமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இது வார்டில் நடக்க வேண்டிய வேலை.

தையல் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆன்டிபயாட்டிக்: வெள்ள நேரத்து வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை. எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆகாது. சுகாதாரத் துறையினர் ஆள் பார்த்துக் கொடுத்தால் சாப்பிடுங்கள், நீங்களாக வேண்டாம்.

மூன்று நாள் தனித்துவிடப்பட்ட வீட்டில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் சினிமாவில் வருகிற மாதிரி விபத்து அல்ல. தினமும் போட்ட மாத்திரை தீர்ந்துபோவதுதான். உங்கள் பெட்டியில் முதல் இடம் அதற்கு. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையக்கூடும். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகை பிரஷர் மாத்திரையைத் திடீரென விட்டால் நெஞ்சு படபடக்கும், வலிகூட வரும். வலிப்பு மாத்திரையை விட்டால் வலிப்பு நிற்காமல் வரலாம். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வீட்டில் எப்போதும் 14 நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வாங்குகிறவர்கள் மழைக்கு முந்தைய மாதமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவையுங்கள். புது அட்டையை அடியில் வைத்துப் பழையதை முதலில் எடுங்கள். அடியில் கிடப்பதை மறந்துவிட்டு, தேவைப்படும் நாளில் தேதி முடிந்த அட்டையைப் பிரிக்கிற வீடுகள்தான் அதிகம்.

இனி ஆச்சியின் இன்சுலின். ஃப்ரிட்ஜ் நின்றுபோனதும் எல்லோரும் பதறுவது இதற்குத்தான், ஆனால் பதற வேண்டியது இதற்கல்ல. ஃப்ரிட்ஜை விட்டு எடுத்த இன்சுலின் குப்பி 30 டிகிரிக்கு மேல் போகாத அறையில், வெயில் படாமல் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும். மார்கழி மழையில் மூன்று நாள் அதற்கு ஒன்றுமே இல்லை. வெளியே எடுத்த தேதியைக் குப்பியில் பேனாவால் எழுதிவிடுங்கள், போதும். கெடுப்பது ஐஸ்தான். பதற்றத்தில் ஐஸ் கட்டிக்குள் புதைத்து, உறைந்துபோனால் அந்தக் குப்பி குப்பைக்கு. பானைக்குள் ஈர மணல் போட்டு வைக்கும் பழைய முறை நல்லது, ஆனால் அது சித்திரை வெயிலுக்கு. ஈரம் ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அது அவ்வளவாக வேலை செய்யாது.

நான் பயப்படுவது சிரிஞ்சைப் பற்றி. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. வெள்ளத்தில் பேனா ஊசி தீர்ந்துபோகிறது, பக்கத்து வீட்டில் சிவப்பு மூடி சிரிஞ்ச் இருக்கிறது, கார்ட்ரிட்ஜில் குத்தி வழக்கம்போல 20 கோடு வரை இழுக்கிறார்கள். உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50. ஆச்சி ராத்திரியே மயங்கிவிடுவார். அதனால் பேனா போடுகிறவர் என்றால் ஊசி முனை ஒரு டஜன் கூடுதலாக வாங்குங்கள். குப்பி என்றால் சிவப்பு மூடி சிரிஞ்ச் பத்து. இரண்டையும் ஒரே பையில் போடவே வேண்டாம்.

இன்னொன்று, இன்சுலின் இருக்கும், சோறு இருக்காது. அரை வயிற்றோடு முழு அளவு போட்டால் சர்க்கரை விழும். பயந்து அடியோடு நிறுத்தினால் ஏறும். 'சாப்பாடு பாதியானால் எவ்வளவு, சாப்பிடவே இல்லையென்றால் எவ்வளவு' என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிப் பெட்டியில் வையுங்கள். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் 25, மாற்று பேட்டரி ஒன்று. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால், அல்லது சோதிக்க முடியாவிட்டாலும், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுக்க வேண்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் இந்த வேலைக்கு மந்தம். 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி மூன்று ஸ்பூன், ஏறியதும் இட்லியோ சோறோ. கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் மறுபடி விழும், அன்று முழுக்க விடாமல் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தின் உட்புறம் தடவுங்கள்.

பிள்ளைகளுக்கு வருவோம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் நாலு வயதுப் பிள்ளை 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம், 240 மில்லிகிராம் வருகிறது. ஒரே பெயரில் இரண்டு சிரப் விற்கிறது, 5 மி.லி.யில் 120 இருப்பது ஒன்று, 250 இருப்பது ஒன்று. முதலாவதில் 10 மி.லி., இரண்டாவதில் 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாற்றி ஊற்றினால் இரண்டு மடங்கு. ஒரே ஒரு வகை வாங்கி, பாட்டில் மேல் பிளாஸ்டர் ஒட்டி, பிள்ளை பெயரையும் மி.லி.யையும் இப்போதே எழுதுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட் இவை மழைக்காலக் காய்ச்சலில் வேண்டவே வேண்டாம். டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக்கசிவு கூடும்.

பேதிக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி, அதாவது ஓஆர்எஸ் பாக்கெட் 20 வாங்குங்கள், எல்லாம் ஒரு லிட்டருக்கானதாக. 200 மி.லி.க்கான குட்டிப் பாக்கெட்டும் கடையில் உண்டு, கலந்து வாங்காதீர்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது நாள்தோறும் நடக்கிற தப்பு. உப்பு ஐந்து மடங்காகி, பேதி கூடுவதோடு பிள்ளைக்கு வலிப்பே வரலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் பெட்டியோடு வைத்துவிட்டால் இந்தத் தப்புக்கு இடமில்லை. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் நீருக்கு டீஸ்பூனில் தலை தட்டிய ஆறு சர்க்கரை, அரை உப்பு. வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழ வாசனைப் பானங்களில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அது பேதியைக் கூட்டும். ஒவ்வொரு முறை போனபிறகும் சின்னவனுக்கு 100 முதல் 200 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. கூடவே துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், தினம் ஒன்று, பேதி நின்றாலும் 14 நாள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல், கண் உள்ளே போய், குடிக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ அது வீட்டு வைத்தியத்தைத் தாண்டிவிட்டது.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். துணியை நாலாக மடித்து வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அடுப்பு இல்லையென்றால் குளோரின் மாத்திரை. ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையில் பாருங்கள். போட்டபின் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் நேராகப் போட்டால் அழுக்கே மருந்தைத் தின்றுவிடும்.

காயம். வெள்ளத்தில் காலைக் கிழிப்பது தகரம், கண்ணாடி, முள்வேலி. உங்கள் கை தையலுக்குப் போகும் என்று தெரிகிறது, நிறுத்துங்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் பட்ட காயத்தை மேலே மூடித் தைத்தால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். இரண்டாம் நாள் வீங்கிச் சீழ் கட்டும். ஆஸ்பத்திரியிலேயே இப்படிப்பட்ட காயத்தைத் திறந்துவைத்து, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் தைப்போம். நீங்கள் செய்ய வேண்டியது கழுவுவது. ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்ச் இரண்டு வையுங்கள். குடிக்கிற தண்ணீரை இழுத்து, காயத்துக்குள் பீய்ச்சி அடியுங்கள், ஒரு லிட்டர் தீரும்வரை, அதாவது ஐம்பது தடவை. கை வலிக்கும், பாதியில் விடாதீர்கள். பத்தாவது தடவைக்கு மேல்தான் மணலும் துருவும் வெளியே வர ஆரம்பிக்கும். கிருமிநாசினியான போவிடோன் அயோடின் காயத்தைச் சுற்றி மட்டும், குழிக்குள் ஊற்றினால் நல்ல சதையும் வேகும். ஈரக் காஸ் (காயத்துக்கு வைக்கும் வலைத்துணி) வைத்து, மேலே உலர்ந்த காஸ், கட்டு. தினம் மாற்ற வேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. ஆச்சியின் பாதத்தைக் காலையும் மாலையும் நீங்களே பாருங்கள், சர்க்கரைக்காரருக்குக் குத்தியது தெரியாது. டெட்டனஸ் ஊசி வீட்டிலிருக்கும் பெரியவர்கள் பத்து வருஷத்துக்குள் போட்டிருக்க வேண்டும். ஞாபகமில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

அளவு: 10 செ.மீ. காஸ் துண்டு 20, காஸ் ரோல் 4, கிரேப் பேண்டேஜ் 4, கையுறை 10 ஜோடி, நல்ல கத்தரி, வெப்பமானி, பாராசிட்டமால் 500 மில்லிகிராம் 30. பிளாஸ்டர் ஒரு சுருள் போதும், ஈரத் தோலில் அது ஒட்டாது, முடிச்சுதான் நிற்கும்.

ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள், கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். ஒரு நிமிடத்தில் எடுத்து 'நின்றதா' என்று பார்ப்பதால்தான் நிற்பதில்லை, உறைய ஆரம்பித்ததைப் பிய்த்து எடுக்கிறீர்கள். உங்கள் அப்பாவுக்கு, மாத்திரையால், இருபது நிமிடம் கூட ஆகும். இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற இடமென்றால் காஸைக் காயத்துக்குள் திணித்து அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ அடித்து ஊற்றி, எதற்கும் அடங்காவிட்டால் மட்டும் இறுக்கிக் கட்டு. வேட்டியிலிருந்து நாலு விரற்கடை அகலத்தில் கிழியுங்கள். கயிறும் ஒயரும் சதையை அறுக்கும். காயத்துக்கு மேலே மூன்று அங்குலம், மூட்டின் மேல் வராமல், ஒரு முடிச்சு, அதன்மேல் மத்துக்காம்பு, இன்னொரு முடிச்சு, ரத்தம் நிற்கும்வரை முறுக்கிக் காம்பைக் கட்டிவிடுங்கள். கட்டிய நேரத்தை அவர் நெற்றியில் பேனாவால் எழுதுங்கள். வலியில் கத்துவார், தளர்த்தாதீர்கள். உதவி வர வழியே இல்லையென்று தெரிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு தடவை, காயத்துக்குள் காஸைத் திணித்து மேலே அழுத்தக் கட்டுப் போட்டுவிட்டு, முறுக்கை மெதுவாக விட்டுப் பாருங்கள். கசிந்தால் திரும்ப இறுக்குங்கள். ஆறு மணி நேரம் தாண்டியதை வீட்டில் அவிழ்க்கவே கூடாது.

தண்ணீரில் மூழ்கியவரை வயிற்றை அமுக்கியும் தலைகீழாகத் தொங்கவிட்டும் நேரத்தை வீணாக்குகிறார்கள். வெளியே வருவது வயிற்றுத் தண்ணீரும் சோறும், அதுவும் மூச்சுக்குழாய்க்குள் போகும். அவருக்கு வேண்டியது காற்று. மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு இரண்டு ஊது. பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், மறுபடி இரண்டு ஊது. நிமிடத்துக்கு 100 முதல் 120, பெரியவருக்கு இரண்டு அங்குல ஆழம். தலையணை மேல் பழகுங்கள், இரண்டு நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், அதனால் வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷாக் அடித்தவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். கரண்ட் இல்லாத வீடு என்ற நினைப்பில் இன்வெர்ட்டரை மறந்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு நெஞ்சை அடைத்து வியர்த்தால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்க வேண்டும். 75 மில்லிகிராம் வைத்திருந்தால் நாலு. அல்சர், அலர்ஜி இல்லையென்று அவர் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அவருக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும்.

பாம்புக்கு வருகிறேன், வெள்ளத்தில் அதுவும் மேடு தேடி வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் கடித்தது பல சமயம் தெரியவே தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி என்பார், கொஞ்ச நேரத்தில் கண் இமை சரியும், எச்சில் விழுங்க முடியாது. ரத்தத்துக்குச் சொன்ன இறுக்கிக் கட்டு இங்கே கூடவே கூடாது. கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். மெட்டி, கொலுசு, மோதிரம் கழற்றி, எலும்பு முறிந்த காலைப் போலத் தென்னை மட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிப் போக வேண்டும். வழியில் மூச்சு நின்றுவிட்டால் ஐந்தாறு விநாடிக்கு ஒரு ஊது வீதம் ஊதிக்கொண்டே போங்கள். இந்த விஷம் மூச்சு விடும் தசையை நிறுத்துகிறது. இதயம் ஓடிக்கொண்டிருக்கும்வரை, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உங்கள் மூச்சிலேயே அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். தடுக்க வேண்டுமென்றால் கட்டில், நான்கு ஓரமும் பாய்க்கடியில் செருகிய கொசுவலை.

ஆகவே உங்கள் பட்டியலில் பாம்புக்கடி ஊசி இருந்த இடத்தில் லாரி டியூப் இரண்டையும், அவற்றின்மேல் கட்டி ஆளைப் படுக்கவைத்து மிதவையாக நகர்த்த ஒரு பழைய கதவையும் எழுதுங்கள். பாம்புக்கடி, மாரடைப்பு, ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்வது, நிற்காத பேதி, இவையெல்லாம் பெட்டியால் தீராது, ஆள் நகர வேண்டும். ஆனால் இழுப்புள்ள தண்ணீரில் இறங்காதீர்கள். மேட்டுத் தெரு வழியாக எந்தப் பக்கம் தண்ணீர் கடைசியில் ஏறியது, எந்த மாடி வீட்டில் ஒதுங்கலாம், தெருவில் யார் நர்ஸ், யாருக்குப் படகு என்பதை 2023-ஐ நினைவில் வைத்திருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். காயல்பட்டினத்தில் அன்று ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அந்த மாதிரி மழைக்கு முன் எச்சரிக்கை வந்தவுடன், பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்குள் இருக்கிற பெண்களும் டயாலிசிஸ் செய்கிறவர்களும் ஆஸ்பத்திரி உள்ள ஊருக்குப் போய்விட வேண்டும். 108 வண்டி வர ரோடு வேண்டும்.

பெட்டி எதுவானாலும் சரி, இறுக மூடும் முறுக்கு டப்பா போதும். கைப்பிடி இருக்கட்டும், மாத்திரைகள் இரட்டைப் பிளாஸ்டிக் பைக்குள், இடம் பரண், அடுப்புக்கு மேல் அல்ல. புரட்டாசி பிறந்ததும் திறந்து தேதி பாருங்கள். உள்மூடியில் ஒரு தாளும் பேனாவும் ஒட்டுங்கள்: பெயர், எடை, அலர்ஜி, தினசரி மாத்திரை, கீழே காலியாக நாலு கட்டம், எத்தனை மணிக்கு என்ன நடந்தது, என்ன கொடுத்தீர்கள் என்று எழுத. கடைசியில் ஆள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அந்தத் தாளும் கூடவே போகட்டும். டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.